ஒளிகாலும் இருவாயி

பத்து ரூபாய்.
லிந்துலையில் ரேடியோ திருத்தும் கடையில்
ஜாம் போத்தல் மூடியில் கொட்டிக் காட்டினான்.
"சிவப்பா பச்சையா, மிஸ்?"
சிவப்பு என்றேன்.
வரவுப் பதிவேட்டில் ஏழரை மணிக்கு
அதிபர் இழுக்கும் கோட்டின் நிறம்.
போன தவணையில் பதினொரு தடவை
அதற்குக் கீழேதான் கையெழுத்து வைத்தோம்
நாங்கள் நாலு பேரும்.

எல்லாம் இந்த மாருதியால்.
சூடு காட்டும் முள் செத்து எத்தனையோ வருஷம்.
ரதெல்ல குறுக்கு வீதியில், மூன்றாவது முடக்கில்,
பொனட்டிலிருந்து ஆவி கிளம்பிய அன்றைக்கும்
அது நடுவில்தான் நின்றது, ரொம்ப மரியாதையாக.
மூடுபனிக்குள் எங்கள் ஆவியும் கலந்து
எது எதுவென்று தெரியவில்லை.
ரிஸ்னா டீச்சர் தன் குடிதண்ணீரை ஊற்றினார்.
புனிதமலர் போத்தலைத் தரவில்லை:
"இது இஞ்சித் தேத்தண்ணி."

ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா இல்லையா,
அதை மட்டும் ஒரு புள்ளி எனக்குச் சொன்னால் போதும்.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர்
ஒளிகாலும் இருவாயி.
வருஷா வருஷம் கடைசி வாங்கு சிரிக்கும்.
"ரெண்டு வாய், ரெண்டு கால். வயிறு எங்க டீச்சர்?"
நீளக் கால் நேர், குட்டைக் கால் மறை,
மாற்றிக் கொடுத்தால் ஒளி வராது:
கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்திருப்பேன்!
ஈயம் உருக்கி
ஒன்றைக்கூட ஒட்டியதில்லை.

சனிக்கிழமை.
பதினாலு வோல்ட்டில் இரண்டு இதற்கு;
மிச்சம் பன்னிரண்டைத் தின்ன
ஆயிரம் ஓம் தடையி ஒன்று.
கணக்கு சரி. கைதான் சரியில்லை.
துளை போடும்போது டிரில் வழுக்கி
டேஷ்போட்டில் வேண்டாத இடத்திலும் ஒரு துளை.
(வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒன்று
இப்போது அங்கே இருக்கிறது. நான் சைவம்.)
கிளச் கேபிள் நுழையும் ரப்பர் வழியே
வயரை இன்ஜின் பக்கம் தள்ளி,
விசிறியின் நேர் வயரைச் சுரண்டி, முறுக்கி,
டேப் சுற்றி,
சாவியைத் திருப்பினேன்.

எரிந்தது.

விசிறி சுற்றவில்லை. எரிந்தது.
இன்ஜின் ஆற்றுக்கல் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது.
எரிகிறது.
அணைத்துத் திருப்பினேன். எரிகிறது.
மழை வந்தது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
ஒவ்வொரு வயராகப் பின்னாலேயே போனேன்.

விசிறிக்கு மின்சாரம்
எப்போதும் வந்து காத்துக்கொண்டுதான் நிற்கிறது.
சூடேறினால் சுவிட்ச் சேர்த்துவைப்பது
அந்தப் பக்கத்தை அல்ல,
மற்றதை.
கராஜில் ஏர்த் என்பார்கள். மண்.
மண் கிடைக்காத வரை
எவ்வளவு வந்து நின்றும் ஒன்றும் சுற்றாது.

லயத்தில் பிறந்தவளுக்கு
இதைக் கண்டுபிடிக்க இரண்டரை மணித்தியாலம்.

நீளக் கால் சாவிப் பக்கம் இருக்கட்டும்.
குட்டைக் காலை எடுத்து
விசிறிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஓடும்
கறுப்பு வயரில் கட்டினேன்.
அணைந்தது.
அணைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது
அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை யாரிடமும் சொல்லவில்லை.
முதல் முடக்கு. இல்லை.
இரண்டாவது. புனிதமலர்
இடமாற்ற விண்ணப்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.
இல்லை.
மூன்றாவதில், முன்னால் போன கோவா லொறி மூச்சு வாங்கி
நானும் முதல் கியருக்கு இறங்கியபோது
ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில்
மிளகாய் விதை அளவு சிவப்பு.

"ஐயோ, என்ன அது?" ரிஸ்னா டீச்சர்.
விசிறி, என்றேன்.
"அப்ப நிப்பாட்டணுமா?"
இல்லை. அது எரிந்தால் போகலாம்.
எரியாவிட்டால்தான் பயம்.

நாலு பேரும் பேச்சை விட்டு
அதையே பார்த்துக்கொண்டு மேலே ஏறினோம்.
பனிக்குள் லொறியின் பின்விளக்கு
வந்து வந்து காணாமல் போனது.
நானு ஓயாவில் அது தானாக அணைந்தபோது
பின்சீட்டில் யாரோ "ச்சே" என்றார்கள்.

ஏழு இருபத்தாறு.

பழைய முள் இப்போதும் நடுவில் நிற்கிறது.
கழற்றவில்லை.